ரால்ஃப் வெர்னி மதில் மேல் பூனையா?

ஜூன் 2, வாசகர் ஒருவர் கேட்டது:
"ஆங்கிலேய உள்நாட்டுப் போர் பற்றிப் பேச்சு வந்தாலே ரால்ஃப் வெர்னியை மனசாட்சிக்காரர் என்று தூக்கி வைக்கிறீர்கள். எனக்குப் புரியவில்லை. அப்பா மன்னருக்காகச் செத்தார். தம்பியும் மன்னருக்காகச் செத்தார். இவர் மன்னர் பக்கமும் நிற்கவில்லை, பாராளுமன்றத்தின் பக்கமும் கடைசி வரை நிற்கவில்லை. பண்ணையார் வீட்டு மூத்த பிள்ளை, சண்டை சூடானதும் பிரான்சுக்கு ஓடிவிட்டார். போரின் முதல் பெரிய சண்டையான எட்ஜ்ஹில்லில் அப்பாவும் மகனும் எதிரெதிர் அணியில் மோதினார்கள் என்று வேறு படித்தேன். மதில் மேல் பூனை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் உண்டா?"

ஜூன் 2, இரவு
மதில் மேல் பூனை லாபமான பக்கம் பார்த்துக் குதிக்கும். இந்த மனிதருக்கு எந்தப் பக்கம் குதித்தாலும் நஷ்டம்தான். அப்பாவோடு போயிருந்தால் குடும்பத்தின் அன்பாவது மிஞ்சியிருக்கும். பாராளுமன்றத்தோடு கடைசி வரை இருந்திருந்தால் சொத்தாவது மிஞ்சியிருக்கும். இரண்டையும் விட்டார். விவரமாக எழுத உட்கார வேண்டும், நாளைக்கு வருகிறேன்.

ஜூன் 3
பெயரே கேள்விப்படாதவர்களும் இருப்பதால் ஆளைச் சுருக்கமாக அறிமுகப்படுத்துகிறேன்.

ரால்ஃப் வெர்னி 1613இல் பிறந்தவர். பக்கிங்ஹாம்ஷயரில் மிடில் கிளேடன் என்ற கிராமம், அங்கே வெர்னி குடும்பத்தின் பண்ணை. வீட்டுக்கு மூத்தவர், கீழே மூன்று தம்பிகள், ஆறு தங்கைகள். ஆக்ஸ்ஃபோர்டில் மாக்டலன் ஹாலில் படித்தார். 15 வயதில், 1629இல், கல்யாணம். பெண் மேரி பிளாக்னல், அபிங்டன் பக்கத்துச் சொத்துக்காரர் வீட்டின் ஒரே வாரிசு, அப்பா அம்மா இல்லாதவர், வயது 13. பையன் வீட்டார் கணக்குப் போட்டுத்தான் முடித்தார்கள் என்பதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அந்தக் கல்யாணம்தான் பிற்பாடு இந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியது. அதற்கு வருகிறேன்.

அப்பா சர் எட்மண்ட் வெர்னி அரண்மனை ஆள். மன்னர் முதலாம் சார்லஸ் இளவரசராக இருந்த காலத்திலிருந்தே கூட இருந்தவர். 1640இல் கூடிய நீண்ட பாராளுமன்றத்தில் அப்பா விக்கம் தொகுதிக்கு உறுப்பினர், மகன் எய்ல்ஸ்பரி தொகுதிக்கு உறுப்பினர். இருவரும் ஒரே அவையில் உட்கார்ந்தார்கள், ஆரம்பத்தில் கருத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. மன்னர் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதுதான் இருவருக்குமே.

1642இல் போர் வந்ததும் அப்பா மன்னரின் கொடியை ஏந்தப் போனார். அப்போது மன்னரின் ஆலோசகர் எட்வர்ட் ஹைடிடம் சொன்னதை ஹைடே எழுதி வைத்திருக்கிறார்: இந்தச் சண்டை எனக்குப் பிடிக்கவில்லை, மன்னர் இறங்கி வந்தால் நல்லது, ஆனால் முப்பது வருஷம் அவர் சோற்றைத் தின்றுவிட்டேன், இப்போது கைவிடும் ஈனத்தனத்தைச் செய்ய மாட்டேன். அதோடு இன்னொன்றும் சொன்னார்: எந்த பிஷப்புகளுக்காக இந்தச் சண்டை நடக்கிறதோ, அந்த பிஷப்புகள் மீது எனக்கு மரியாதையே கிடையாது.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிஷப்புகளை மதிக்காத அப்பா பிஷப்புகளின் கட்சிக்காகச் செத்தார். மன்னரை எதிர்த்த மகன், பிஷப்புகளை ஒழிப்பேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன் என்றதால் எல்லாவற்றையும் இழந்தார். இவர்களை எந்தப் பக்கத்தில் எழுதுவீர்கள்?

ஜூன் 3, பிற்பகல்
எட்ஜ்ஹில் மோதல் என்பது தவறு. ரால்ஃப் எந்தப் படையிலும் சேரவில்லை, வாளே எடுக்கவில்லை. 1642 அக்டோபர் 23 அன்று அவர் எட்ஜ்ஹில் பக்கமே இல்லை. சர் எட்மண்ட் கொடிக்கம்பத்தையே ஈட்டியாகப் பிடித்துச் சண்டையிட்டு, அதன் முனை முறிந்து, விழுந்தார். அவருடைய வேலைக்காரர் ஜேசனும் அன்று பக்கத்திலேயே செத்தார். எதிரிகள் கொண்டுபோன கொடியை ஜான் ஸ்மித் என்ற படைத்தலைவர் மீட்டு வந்து சர் பட்டம் வாங்கினார். சர் எட்மண்டின் உடல் மட்டும் கிடைக்கவே இல்லை. ரால்ஃப் பாராளுமன்றப் படையிலிருந்த தெரிந்தவர்கள் மூலம் விசாரித்தார், கண்டுபிடிக்க வழியில்லை என்று பதில் வந்தது. சொந்தக் கட்சியின் படை கொன்ற அப்பாவின் உடலை, அதே படையில் கேட்டுப் பார்க்க வேண்டிய நிலை.

ஜூன் 4
பேய் பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், கதை உண்டு. கொடியைப் பிடித்திருந்த கை மட்டும் கிடைத்தது, மன்னர் கொடுத்த மோதிரத்தை வைத்து அடையாளம் கண்டார்கள், சர் எட்மண்ட் இன்னும் கிளேடனில் தன் கையைத் தேடி அலைகிறார் என்பார்கள். நான் போனது பகலில், மழையோடு. யாரும் கை கேட்கவில்லை.

ஜூன் 5
இப்போது "ஓடிவிட்டார்" என்ற பகுதி.

1642இல் பாராளுமன்றத்தின் பக்கம் உட்கார்ந்தது சும்மா உட்கார்ந்தது அல்ல. தம்பி எட்மண்ட் (வீட்டில் மன் என்று கூப்பிடுவார்கள்) அந்த செப்டம்பரில் எழுதிய கடிதம் இருக்கிறது. நான் பயந்தது உண்மையாகிவிட்டது, நீ மன்னருக்கு எதிராக நிற்கிறாய், இது அழகல்ல, நீயும் நானும் எதிரிகளாக வேண்டியிருக்கிறதே என்று மனம் நோகிறது என்கிறார். அப்பாவும் மனம் வெறுத்திருந்தார். சமாதானம் ஆவதற்குள் எட்ஜ்ஹில் வந்துவிட்டது.

1643இல் பாராளுமன்றத்துக்குப் போர்க்களத்தில் சரிவு. ஸ்காட்லாந்துப் படையை உதவிக்குக் கூப்பிட்டார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் சும்மா வரவில்லை: இங்கிலாந்துத் திருச்சபையைச் சீர்திருத்த வேண்டும், பிஷப் ஆட்சியை வேரோடு பிடுங்க வேண்டும், அதற்குக் கடவுள் பேரில் ஓர் உடன்படிக்கைச் சத்தியம் வேண்டும். செப்டம்பர் 25 அன்று வெஸ்ட்மின்ஸ்டரில் செயின்ட் மார்கரெட் தேவாலயத்தில் உறுப்பினர்கள் வரிசையாகச் சத்தியம் செய்தார்கள். மனசுக்குள் ஒத்துக்கொள்ளாதவர்களும் கையை உயர்த்திவிட்டுப் போயிருப்பார்கள். அதுதான் எளிது. ரால்ஃப் செய்யவில்லை.

செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். மனைவியோடும் மூத்த பிள்ளைகளோடும் பிரான்சுக்குக் கப்பல் ஏறினார். ஸ்மித் என்று பெயரை மாற்றிக்கொண்டார். முதலில் ரூவான், பிறகு லுவார் ஆற்றங்கரையில் புளுவா. போர்க்காலத்தில் மன்னரின் தலைநகராக இருந்த ஆக்ஸ்ஃபோர்டு கிளேடனுக்குப் பக்கத்திலேயே இருந்தது, அங்கே போயிருந்தால் அப்பாவின் பெயரைச் சொன்னாலே போதும், வரவேற்பு கிடைத்திருக்கும். போகவில்லை. 1645 செப்டம்பர் 22 அன்று அவையிலிருந்து நீக்கினார்கள். 1646இல் கிளேடன் ஜப்தி.

ஓடினார் என்று சொல்லலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. யாரிடமிருந்து ஓடினார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எதிரியிடமிருந்து அல்ல, சொந்தக் கட்சியின் சத்தியத்திலிருந்து.

ஜூன் 5, இரவு
"சத்தியம் என்பது வெறும் வார்த்தைதானே" என்று எழுதியிருக்கிறீர்கள். 1643இல் இல்லை. பொய்ச் சத்தியம் ஆத்மாவைக் கெடுக்கும் என்று நிஜமாக நம்பிய காலம். அதை விட்டுவிட்டுப் பார்த்தால் இவர்கள் செய்தது எதுவும் புரியாது.

ஜூன் 8
ரால்ஃப் அவையில் பேசிப் பெயர் வாங்கியவர் அல்ல. ஆனால் எழுதினார். காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருப்பார், முழங்கால்மேல் வைத்துப் பென்சிலால் குறித்துக்கொள்வார். யார் என்ன சொன்னார், என்ன தீர்மானம், யார் யாரை வெட்டிப் பேசினார். உறுப்பினர்கள் இப்படிக் குறிப்பெடுப்பது பலருக்குப் பிடிக்காது, நாளைக்கு யார் கையில் சிக்குமோ என்ற பயம். அந்தத் துண்டுக் காகிதங்கள் பிழைத்துக் கிடந்து 1845இல் அச்சுக்கு வந்தன.

1642 ஜனவரி 4. பிம், ஹாம்டன், ஹோல்ஸ், ஹேசில்ரிக், ஸ்ட்ரோட் என்ற ஐந்து உறுப்பினர்களைப் பிடிக்க மன்னர் ஆயுதம் தாங்கிய ஆட்களோடு அவைக்கே வந்துவிட்டார். ரால்ஃபின் குறிப்பில் அந்தக் காட்சி உண்டு. மன்னர் சபாநாயகரின் நாற்காலிப் பக்கம் வருகிறார். அவர்கள் எங்கே என்று கேட்கிறார். சபாநாயகர் லென்தால் மண்டியிட்டு, நான் இந்த அவையின் வேலைக்காரன், அவை கட்டளையிட்டதைத் தவிர வேறு பார்க்கக் கண்ணும் இல்லை, சொல்ல நாக்கும் இல்லை என்கிறார். என் கண்ணும் உம் கண்ணுக்குக் குறைந்ததல்ல என்று மன்னர் சுற்றிப் பார்க்கிறார். பறவைகள் பறந்துவிட்டன என்கிறார்.

ஐந்து பேரும் முன்பே தகவல் கிடைத்து, தேம்ஸ் நதியில் படகேறிப் போய்விட்டிருந்தார்கள். அவையே வெலவெலத்துப் போயிருந்த நேரத்தில் ஒருவர் முழங்கால்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலை ஓட்டிக்கொண்டிருக்கிறார். கோழைக்கு அந்தக் கை வராது என்று எழுதத்தான் வந்தேன். எழுதிய பிறகு தோன்றுகிறது: ஒருவேளை பேசத் துணிவில்லாதவர்தான் எழுதுவாரோ? அவர் தலைமை தாங்கும் சாதி இல்லை என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஜூன் 9
இவருக்காக நான் ஏன் இவ்வளவு வரிந்து கட்டுகிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் கடைசியில் நான் வேலை பார்த்த இடத்தில் மூத்த சகா ஒருவர் மீது நடவடிக்கை. நிர்வாகம் ஓர் அறிக்கை தயாரித்து எங்களிடம் கையெழுத்துக் கேட்டது. அதில் பாதி பொய். சங்கம் பதிலுக்கு ஓர் அறிக்கை தயாரித்தது. நான் சங்கத்து ஆள், அதில்தான் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். படித்துப் பார்த்தால் அதிலும் நடக்காத ஒரு விஷயத்தை நடந்ததாக எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வரியை எடுத்துவிட்டால் போடுகிறேன் என்றேன். எடுக்கவில்லை. இரண்டிலும் போடவில்லை.

நிர்வாகம் கண்காணாத ஊருக்கு மாற்றியது. அது எதிர்பார்த்ததுதான். சங்கத்து நண்பர்கள் ஸ்டேஷனுக்குக் கூட வரவில்லை, அதுதான் எதிர்பார்க்காதது. டீக்கடையில் என் காதுபடவே ஒருவர் சொன்ன வார்த்தை இந்த இழையின் தலைப்பில் இருக்கிறது. அதனால் அந்த வார்த்தையைப் பார்த்தால் கொஞ்சம் சுருக்கென்று வருகிறது, மன்னியுங்கள்.

ஜூன் 9, இரவு
"வெர்னியை அல்ல, உங்களையே நியாயப்படுத்துகிறீர்கள்." இருக்கலாம். ஆனால் என் சொத்து எதுவும் ஜப்தி ஆகவில்லை. இருந்தால்தானே ஆகும்.

ஜூன் 12
மேரியைப் பற்றி எழுதாமல் இந்த இழையை வளர்ப்பது அநியாயம்.

ஜப்தியை நீக்க யாராவது லண்டனுக்குப் போய்ப் பாராளுமன்றக் கமிட்டிகளின் வாசலில் நிற்க வேண்டும். ரால்ஃப் போனால் பிடிப்பார்கள், கடன்காரர்களும் காத்திருக்கிறார்கள், அப்பா வைத்துவிட்டுப் போன கடன்வேறு. அவருடைய மாமா டாக்டர் வில்லியம் டென்டன், லண்டனில் பெரிய வைத்தியர், நையாண்டிக்காரர், 1646இல் யோசனை சொல்கிறார்: பெண்கள் இப்போதுபோல் எப்போதும் பயன்பட்டதில்லை, இங்கே விவரம் தெரிந்தவர்கள் செய்வதுபோல் மனைவிக்குச் சொல்லிக்கொடுத்துக் கமிட்டிக்கு அனுப்பு, பெண் என்பதால் சில சலுகைகள் கிடைக்கும்.

மேரி 1646 கடைசியில் வந்தார், கர்ப்பிணியாக. பழைய நண்பர்கள் வாசலில் காக்க வைத்தார்கள். செல்வாக்குள்ள ஒரு சீமாட்டி, முன்பு குடும்பத்துக்கு நெருக்கமானவர், சஸ்ஸெக்ஸ் பிரபுவின் விதவை, இப்போது வாரிக் பிரபுவின் மனைவி. உதவுவார் என்று நம்பினார்கள், அவர் பிடி கொடுக்கவில்லை. கணவனும் மனைவியும் கடிதத்தில் அவருக்கு வைத்த பட்டப்பெயர் "கிழவர்களின் மனைவி". வயதான பிரபுக்களாகப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டே போனவர் என்பதால்.

1647 ஜூனில் ஆண் குழந்தை பிறந்தது. பெயர் விஷயத்தில் கடிதத்திலேயே சண்டை. பையன் என்றால் உங்கள் பெயர்தான், மறுக்கக் கூடாது என்று இவர். ரிச்சர்டோ வேறு எதுவோ வை, என் பெயர் மட்டும் வேண்டாம், வைத்தால் கோபப்படுவேன் என்று அவர். மேரி ரால்ஃப் என்றே வைத்தார்.

குழந்தையோடு கிளேடனுக்குப் போனார். படைவீரர்கள் தங்கிப் போன வீடு. அவர் கணவருக்கு எழுதியதைப் படித்தால் கண்முன்னால் தெரிகிறது: துணிமணி எல்லாம் நைந்துவிட்டது, சுவருக்குள் மறைத்துக் கட்டி வைத்த இறகு மெத்தைகளை எலி தின்றுவிட்டது, இறைச்சி வாட்டும் இரும்புக் கம்பிகள் துருப்பிடித்து இனி உதவாது, சாப்பாட்டு அறை நாற்காலிகள் கந்தல். படைவீரர்களைத் திட்டவில்லை, விதியை நோகவில்லை, கணக்கெடுப்புபோல எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டு மூத்த பெண்மணிகள் ஆடிப்பெருக்கு வெள்ளம் வடிந்தபின் அறை அறையாகப் போய்ச் சொல்வார்கள், அந்தத் தொனி.

அந்த இலையுதிர் காலத்தில் கைக்குழந்தை ரால்ஃப் இறந்தது. அதே சமயம் புளுவாவில் அப்பாவோடு இருந்த மகள் பெக் இறந்தாள். ஒருவருக்கொருவர் செய்தி சொல்லக் கடிதம் வாரக்கணக்கில் பயணப்பட்ட காலம்.

அதற்குப் பிறகும் மேரி லண்டனில் இருந்து வேலையை முடித்தார். 1648 ஜனவரியில் ஜப்தி நீங்கியது. அபராதம் இல்லாமல். வாளைத் தொடாத ஒருவரை எதிரியாக எழுதிச் சொத்தைப் பிடுங்கியதை, வாசல் வாசலாக ஏறி இறங்கி ரத்து செய்ய வைத்தவர் 32 வயதைத் தாண்டாத பெண். வசந்த காலத்தில் புளுவாவுக்குத் திரும்பினார். 1650 மே 10 அன்று காச நோயில் இறந்தார். ரால்ஃப் உடலைப் பதப்படுத்திக் கிளேடனுக்கு அனுப்பினார், அவர் கூடப் போக முடியவில்லை. அதற்குப் பிறகு 46 வருஷம் வாழ்ந்தவர், வேறு கல்யாணம் செய்யவில்லை.

ஜூன் 13
மேலே எழுதியதைக் காலையில் திரும்பப் படித்தேன். ரால்ஃபை மனசாட்சிக்காரர் என்கிறோம், சரி. மனசாட்சிக்கான கட்டணத்தில் பெரும்பகுதியைக் கட்டியது யார்? புளுவாவில் இவர் புத்தகம் வாசித்துக்கொண்டிருக்க, லண்டனில் வயிற்றில் பிள்ளையோடு கமிட்டிகளின் படியேறியது அவர். தங்கைகளைப் பாருங்கள். அப்பா அவர்களுக்கென்று ஒதுக்கியிருந்த வருமானம் போரில் வறண்டது. அண்ணன் வெளிநாட்டில். சூசன் கடனுக்காகச் சிறையில் இருந்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள்.

என்னை வெளியூருக்கு மாற்றியபோது நான் கொள்கையோடு போய் மேன்ஷனில் தங்கினேன். வாடகை வீட்டுக்காரர், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், என் அம்மாவின் சர்க்கரை வியாதி எல்லாவற்றையும் பார்த்தது என் மனைவி. அவளிடம் யாரும் எந்த அறிக்கையையும் நீட்டவில்லை, அபிப்பிராயமும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும் என்று இப்போதும் நினைக்கவில்லை. ஆனால் பூனையா இல்லையா என்ற கேள்வியைவிட இந்தக் கேள்வி கனமானது.

ஜூன் 14
ஹாம்டனைப் பற்றிக் கேட்டவருக்கு: மன்னர் பிடிக்க வந்த ஐவரில் ஒருவர். அவரும் பக்கிங்ஹாம்ஷயர்க்காரர்தான், ஆனால் அவருக்கு வக்காலத்து தேவையில்லை. பாராளுமன்றத்தைக் கேட்காமல் மன்னர் போட்ட கப்பல் வரி 20 ஷில்லிங் கட்ட மாட்டேன் என்று வழக்குக்குப் போய், 12 நீதிபதிகளில் 7 பேர் மன்னர் பக்கம் சொல்ல 1638இல் தோற்று, தோற்றதாலேயே நாடு முழுக்கப் பெயர் பெற்றவர். 1643 ஜூனில் சால்குரோவ் சண்டையில் காயம்பட்டுச் சில நாளில் இறந்தார். சத்தியம் செய்யச் சொல்லி நீட்டும்வரை அவர் உயிரோடு இல்லை. அது ஒரு வசதி.

ஜூன் 17
கிளேடன் போனதைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். மகள் மில்டன் கீன்ஸில் இருக்கிறாள், அங்கிருந்து காரில் கிட்டத்தில்தான். இப்போது நிற்கும் மாளிகை ரால்ஃபின் வீடு அல்ல. அவருடைய கொள்ளுப்பேரன், அவரும் ரால்ஃப்தான், இரண்டாம் வெர்னி பிரபு, 18ஆம் நூற்றாண்டில் கட்டி அதிலேயே திவாலானவர். கட்டியதில் பெரும்பகுதியைப் பின்னால் இடித்துவிட்டார்கள், மிஞ்சியது ஒரு துண்டு. அதில் ஒரு மாடிப்படி, மரத்தில் யானைத் தந்தம் பதித்தது. கைப்பிடியில் இரும்பில் செய்த கதிர்கள், ஏறினால் சலசலக்குமாம். ஏற விடமாட்டார்கள். கயிறு கட்டியிருக்கிறது.

எனக்கு வேண்டியது பக்கத்துத் தேவாலயம். வெள்ளையும் கறுப்புமாகப் பளிங்கில் நினைவுச் சின்னம், ரால்ஃப் 1653இல் எட்வர்ட் மார்ஷல் என்ற சிற்பியிடம் செய்வித்தது. நான்கு மார்பளவுச் சிலைகள்: அப்பா எட்மண்ட், அம்மா மார்கரெட், மேரி, அப்புறம் இவர். செய்தபோது இவருக்கு வயது 40. ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனைக்குப் போகும்போதெல்லாம் தன் சிலையைத் தானே பார்த்துக்கொண்டு இன்னும் 43 வருஷம் இருந்திருக்கிறார். உயிரோடு இருக்கும்போதே சிலை வைத்துக்கொண்டவர்களை நாம் வேறு மாதிரி அறிவோம், இது அந்த ரகம் இல்லை. அப்பாவின் உடலே அங்கு இல்லை. சண்டையிட்டுப் பிரிந்த அப்பாவையும் மகனையும் கல்லிலாவது ஒரே சுவரில் வைத்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. மகள் வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 18
கடிதங்கள் எப்படித் தப்பின என்று கேட்டவருக்கு. ரால்ஃப் ஒரு காகிதத்தையும் எறியாதவர். வந்த கடிதத்தின் முதுகில் தேதி எழுதி அடுக்குவார், தான் எழுதியதற்கு நகல் வைப்பார். 17ஆம் நூற்றாண்டுக் கடிதங்கள் மட்டுமே சுமார் 30,000 என்கிறார்கள். திவாலையும் இடிப்பையும் தாண்டி அவை கிளேடன் வீட்டு மேல்மாடத்தில் கிடந்தன. 19ஆம் நூற்றாண்டில் வீட்டுக்கு வந்த மருமகள் பார்த்தனோப், ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலின் அக்கா, உட்கார்ந்து படித்துத் தொகுக்க ஆரம்பித்தார். 1890இல் அவர் இறந்தபின் மார்கரெட் வெர்னி தொடர்ந்தார். 1892 முதல் 1899 வரை நான்கு தொகுதிகள். பார்த்தனோப்பின் கணவர் சர் ஹாரி பிறப்பில் கால்வெர்ட், எஸ்டேட்டோடு வெர்னி என்ற பெயரையும் ஏற்றவர். ரத்த சம்பந்தம் இல்லாதவர்கள்தான் இந்தக் குடும்பத்தைக் காப்பாற்றி நமக்குக் கொடுத்தார்கள். மேரியின் எலி தின்ற மெத்தை நமக்குத் தெரிவதற்குக் காரணம், மனைவியின் கடிதத்தை எறியாத ஒரு கணவரும் அதை எழுத்துக் கூட்டிப் படித்த இரண்டு பெண்களும்.

ஜூன் 20
"பண்ணையாரைப் பண்ணையார் என்று சொல்லுங்கள்" என்ற கண்டனம் நியாயம். சொல்கிறேன்.

1653இல் ஊர் திரும்பினார். திரும்பியதும் செய்த பெரிய காரியம் மிடில் கிளேடனில் மிச்சமிருந்த பொது வயல்களை வேலியடைத்துப் புல்வெளியாக்கியது. ஊரார் பட்டை பட்டையாகப் பங்கிட்டு உழுத நிலம், மேய்ச்சலுக்குப் பொதுவாகத் திறந்துவிட்ட நிலம், இனி குத்தகைக்கு விடும் தோட்டங்கள். கடன் அடைந்தது, குத்தகை ஏறியது. சிறு உழவர்களுக்கு இடம் குறைந்தது. வருஷக்கணக்கில் பிரான்சிலிருந்தே காரியஸ்தருக்குக் கடிதம் எழுதிப் பண்ணையை ஓட்டியவர், மரம் எத்தனை, மாடு எத்தனை என்று கேட்டவர். மனசாட்சி திருச்சபை விஷயத்தில் வேலை செய்தது, வேலி விஷயத்தில் தூங்கியது. அந்தக் காலத்துக் கிராமத்துக் கனவான்களில் பெரும்பாலோர் அப்படித்தான் என்பது விளக்கம்தான், வக்காலத்து இல்லை.

1655இல், மன்னராட்சி ஒழிந்தபின் நாட்டை ஆண்ட குரோம்வெல்லின் ஆட்சி அவரை அரச கட்சிக்காரர் என்று பிடித்து லண்டனில் செயின்ட் ஜேம்ஸில் சில மாதம் அடைத்து வைத்தது. அடுத்து அரச கட்சிக்காரர்கள் மீது போட்ட பத்தில் ஒரு பங்கு வரி இவர் மேலும் விழுந்தது. நான் மன்னருக்காகப் போரிட்டதே இல்லை என்று முறையிட்டார், எடுபடவில்லை. மன்னருக்காக வாளெடுக்காமலே அதற்குரிய வரியைக் கட்டியவர். முதலில் கேட்டவரே, இப்போதாவது பூனையை இறக்கி விடுவீர்களா?

ஜூன் 20, இரவு
"பாதி இறக்கிவிட்டேன்" என்று பதில் வந்திருக்கிறது. மீதிப் பாதியை மேரிக்காக அங்கேயே வைத்திருங்கள், எனக்கும் அதில் உடன்பாடு.

ஜூன் 24
பேச்சு எங்கேயோ போகிறது, ஆனால் இதைச் சொல்லாமல் முடியாது. டாக்டர் டென்டனுக்கு நான்சி என்று ஒரு சின்ன மகள், ரால்ஃபுக்கு ஞான மகள். எழுத்துப் பிழையோடு இவருக்கு ஒரு கடிதம் போட்டாள்: பிரெஞ்சில் நீங்கள் என்னை முந்துவீர்கள், ஆனால் நான் எபிரேயம், கிரேக்கம், லத்தீனில் உங்களை முந்தப் போகிறேன். ரால்ஃப் பதறிவிட்டார். பெண்ணுக்கு லத்தீன் வேண்டாம், சுருக்கெழுத்தும் வேண்டாம், தாய்மொழியில் பைபிளும் நல்லதொரு ஞானோபதேசமும் போதும், பிரெஞ்சு படி என்று அறிவுரை.

பாராளுமன்றக் கமிட்டியை மனைவி தனியாக ஜெயித்து வந்து நான்கைந்து வருஷம்தான் ஆகியிருக்கும். அந்த ஆள்தான் இதை எழுதியிருக்கிறார். என் மகளிடம் சொன்னேன். "அப்பா, நீங்கள் என்னைக் கம்ப்யூட்டர் சயன்ஸ் வேண்டாம், பி.எட். படி என்றது ஞாபகம் இருக்கிறதா?" என்றாள். இந்தத் துணைப் பேச்சை இத்தோடு மூடுகிறேன்.

ஜூலை 1
கடைசிக் காலம் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. 1661இல் பேரனட் என்ற பரம்பரைப் பட்டம். பக்கிங்ஹாம் தொகுதிக்கு 1681, 1685, 1689 என மறுபடி உறுப்பினர். மன்னர் இரண்டாம் ஜேம்ஸை நீக்கி வில்லியமையும் அரசி மேரியையும் ஏற்ற 1689 பாராளுமன்றத்தில் உட்கார்ந்தபோது வயது 75. நீண்ட பாராளுமன்றத்தின் முதல் நாட்களைப் பார்த்த கண்கள் அங்கே அதிகம் இருந்திருக்காது. தம்பி மன் 1649இலேயே அயர்லாந்தில் டிராகெடாவில் கொல்லப்பட்டுவிட்டார். மூத்த மகனும் 1688இல் போய்விட்டார். வாரிசு இளையவர் ஜான். பண்ணைப் பிள்ளையாக இருக்க மாட்டேன், வியாபாரம் படிக்கிறேன் என்று கிழக்கு மத்தியதரைக் கடல் நாடுகளோடு வணிகம் செய்த லெவன்ட் கம்பெனி வழியாக சிரியாவின் அலெப்போ போய்ச் சம்பாதித்து வந்தவர். அவரும் காகிதம் எறியாதவர். ரால்ஃப் 1696 செப்டம்பர் 24 அன்று 82 வயதில் இறந்தார்.

ஜூலை 2
இன்னொரு தம்பி டாமைப் பற்றி ஏன் ஒரு வரியும் இல்லை என்று கேட்கிறீர்கள். ஆரம்பித்தால் நிற்காது என்பதால்தான். வீட்டுக்கு அடங்காத காதல் என்று 1634இல் வர்ஜினியாவுக்குக் கப்பல் ஏற்றினார்கள், ஒரு வருஷத்துக்குள் திரும்பி வந்து நின்றார். பிறகு பார்படோஸ். கடன், சிறை, மறுபடி கடன். கடிதம் முழுக்க பக்தி வழியும், கடைசியில் பணம் கேட்பார். எந்த மன்னரும் எந்தப் பாராளுமன்றமும் அவரை ஒன்றும் செய்ய முடியவில்லை, தொண்ணூறைத் தாண்டி 1707 வரை இருந்தார். அவருக்குத் தனி இழை வேண்டும். யாராவது ஆரம்பியுங்கள், பார்படோஸ் பகுதிக்கு நான் வந்து சேர்ந்துகொள்கிறேன்.